குத்துச்சண்டை மீள்மோதலில் வெல்பவரைக் கணிப்பது எப்படி?

நியூயோர்க்கில் சனி இரவு நடக்கும் குத்துச்சண்டை, கிளிநொச்சியில் எங்களுக்கு ஞாயிறு காலைத் தேநீரோடு வந்து சேரும். 2019 ஜூனில் அன்டி ருயிஸ், அந்தோனி ஜோசுவாவை 7ஆவது சுற்றில் தோற்கடித்ததை அப்படித்தான் பார்த்தோம். டிசெம்பரில் இருவரும் மீண்டும் மோதவிருந்தபோது, "போனமுறை விழுத்தினவன் இந்தமுறையும் விழுத்துவான்" என்றார் சித்தப்பா. நானும் தலையாட்டினேன். ஜோசுவா 12 சுற்றுகளும் விலகி விலகி ஆடிப் புள்ளிகளால் வென்றார். அதன் பிறகு நான் பழகிக்கொண்ட முறை இது.

முதலாவது படி: முதல் மோதலின் ஒளிப்பதிவை ஒலியை நிறுத்திவிட்டு முழுமையாகப் பாருங்கள், வர்ணனையாளரின் ஆரவாரத்தில், கையுறையில் பட்ட குத்தும் முகத்தில் பட்டதாகவே தோன்றிவிடும். ஒரு கொப்பியில் சுற்றுக்கு ஒரு வரியாக, வென்றவருக்கு 10, மற்றவருக்கு 9, ஒருமுறை விழுந்திருந்தால் 8 என்று இட்டு, அந்தச் சுற்றை முடிவுசெய்த குத்து எது என்பதையும் எழுதுங்கள்.

இரண்டாவது படி: தோல்வியின் காரணத்தைப் பிரித்தறியுங்கள். சிறுபோக நெல் பொய்த்தால், இரணைமடுக் குளத்தில் தண்ணீர் போதாமலா, அறக்கொட்டிப் பூச்சி விழுந்தா என்று கேட்கிறோமே, அதே கேள்விதான். 1936இல் மக்ஸ் ஷ்மெலிங், ஜோ லூயிஸை 12ஆவது சுற்றில் வீழ்த்தினார். இடக்கையால் நேர்குத்து விட்ட பின் லூயிஸ் அந்தக் கையைத் தாழ்த்திவிடுவதை ஷ்மெலிங் முன்கூட்டியே கவனித்து, அந்த இடைவெளியில் வலக்கைக் குத்தை இறக்கினார். அது பழக்கத்தால் வந்த பிழை, பயிற்சியால் தீரக்கூடியது. 1938 ஜூன் 22இல் மீண்டும் சந்தித்தபோது லூயிஸுக்கு வயது 24, ஷ்மெலிங்குக்கு 32. சண்டையை லூயிஸ் முதற்சுற்றிலேயே, 2 நிமிடம் 4 விநாடியில் வென்று முடித்தார்.

திருத்த முடியாத காரணங்களும் உண்டு. 2024 மே மாதத்தில் இடக்கை வீரரான உசிக், தன்னைவிட மிக உயரமான டைசன் பியூரியை, நடுவர்களின் பிளவுபட்ட (2-1) தீர்ப்பில் வென்றார். இவ்வளவு நெருக்கமான சண்டை அடுத்தமுறை மாறும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் உசிக்கின் கால்நகர்வுக்கும் அவர் ஓயாமல் கொடுத்த நெருக்கடிக்கும் பியூரியிடம் மாற்றுவழி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. டிசெம்பரில் நடந்த மீள்மோதலில் மூன்று நடுவர்களும் 116-112 புள்ளிகள் என்று உசிக்குக்கே கொடுத்தார்கள்.

மூன்றாவது படி: எடைபார்க்கும் நாளைத் தவறவிடாதீர்கள். ஜூனில் ஏறத்தாழ 268 இறாத்தல் இருந்த ருயிஸ், டிசெம்பரில் 283 இறாத்தலோடு வந்தார். ஜோசுவாவோ 10 இறாத்தல் குறைத்திருந்தார். ஒருவர் ஓடியாடத் தயாராகி வந்திருந்தார், மற்றவரால் துரத்த முடியாது என்பதை அந்த எண்களே முதல்நாள் சொல்லிவிட்டன. சித்தப்பாவும் நானும்தான் பார்க்கவில்லை.

கடைசியாக, யார், எந்த வழியில், எத்தனை வீத வாய்ப்போடு வெல்வார் என்பதை மணி அடிக்குமுன் கொப்பியில் எழுதி, பக்கத்தில் இருப்பவரிடம் கையொப்பம் வாங்கிவிடுங்கள். சண்டை முடிந்ததும் "நான் அப்பவே சொன்னனான்" என்று சித்தப்பா தொடங்குவதால், எங்கள் வீட்டில் இந்தப் படி கட்டாயம்.