ஊர் செலவைக் கணக்குப் பார்க்கையில் எங்கே சறுக்குகிறோம்?

2011-ல் ஈரோடு மாநகராட்சியின் எல்லையை விரித்தார்கள். அதற்கு முன் சுமார் 8.4 சதுர கிலோமீட்டரில் 1.57 லட்சம் பேர். விரித்தபின் சுமார் 109.5 சதுர கிலோமீட்டரில் 4.98 லட்சம் பேர். சதுர கிலோமீட்டருக்கு 18,600 பேர் இருந்த ஊர், காகிதத்தில் 4,500 பேர் ஊராகிவிட்டது. இதற்காக ஒரு குடும்பம்கூட வீடு மாறவில்லை. கருங்கல்பாளையத்துச் சந்துகளில் நெரிசல் அப்படியேதான் இருந்தது.

மொத்த மக்களை மொத்தப் பரப்பால் வகுத்து, அந்த அடர்த்தியை வைத்தே ஊரின் தண்ணீர், சாக்கடை, தெருச் செலவை எடை போடுவதுதான் நாம் அதிகம் செய்யும் தவறு. அந்தப் பரப்புக்குள் குளம், தென்னந்தோப்பு, மஞ்சள் காடு, தரிசு எல்லாம் அடக்கம். தோப்புக்கு யாரும் தெருவிளக்கு போடுவதில்லை. வீடுகள் இருக்கும் நிலத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஒரு வீட்டுக்கு எத்தனை அடி தெரு என்று கேட்டால் இன்னும் தெளிவாகும்.

இரு பக்கமும் 30 அடி முகப்புள்ள சைட்டுகள் இருக்கும் தெருவில் எல்லோரும் வீடு கட்டியிருந்தால், ஒரு வீட்டின் பங்குக்கு 15 அடிக் குழாய். நாலு சைட்டில் ஒன்றில்தான் வீடு என்றால் 60 அடி. சாக்கடையும் விளக்கும் குப்பை வண்டியின் டீசலும் இதே வழியில்தான் ஏறும். அதோடு, நம் பக்கத்தில் மெயின் ரோட்டை விட்டு ஒரு கிலோமீட்டர் உள்ளே, சோளக்காட்டுக்கு நடுவே சைட் பிரிக்கிறார்கள். சென்ட் விலை அங்கே குறைவு என்பதுதான் காரணம். இடையில் கிடக்கும் அந்த ஒரு கிலோமீட்டரைக் காலமெல்லாம் பராமரிக்கப் போவது உள்ளாட்சி. சென்ட் விலை பேசுகிறபோது அந்தச் செலவை யாரும் சேர்ப்பதில்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு வேறு. ஓரத்து வார்டுகளில் தலைக்குச் செலவு குறைவு, அதனால் சிக்கனமான நிர்வாகம் என்கிறார்கள். பாதாளச் சாக்கடையே போடாத தெருவில் அதற்கான செலவு எப்படி வரும்? அங்கே குடியிருப்பவர் சொந்தக் காசில் போர் போட்டிருப்பார், கோடையில் தண்ணீர் லாரிக்குக் கொடுப்பார், செப்டிக் டேங்க் நிறைந்தால் அதற்கும் லாரியை அழைப்பார். மாநகராட்சி ஏட்டில் ஏறாதது அவர் வீட்டு நோட்டில் ஏறியிருக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு, நெருக்கமாக அடைத்தால் எல்லாம் மலிவு என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் சரியல்ல. ஸ்பெயினில் சுமார் 2,500 நகராட்சிகளை ஆராய்ந்தபோது, சிதறிப் பரவிய ஊர்களில் உள்ளாட்சிச் சேவைகளின் செலவு கூடுவது தெரிந்தது. ஆனால் அமெரிக்கக் கவுன்டிகளை, அதாவது நம் மாவட்டம் போன்ற பிரிவுகளை, வைத்துப் பொருளாதார அறிஞர் ஹெலன் லாட் 1992-ல் எழுதிய ஆய்வில், மிகக் குறைந்த அடர்த்தியைத் தாண்டியபின் நெருக்கம் கூடக்கூடத் தலைக்குச் செலவும் ஏறியது. நம் பழைய பேட்டைகளில் சந்துக்குள் லாரி நுழையாது, பள்ளம் தோண்டினால் போக்குவரத்து நின்றுவிடும், மோட்டார் அறை கட்ட நிலமே கிடைக்காது. அதற்காக அமெரிக்க எண்களை அப்படியே இங்கே ஒட்டவும் முடியாது. அங்கே காவல் துறைச் செலவு பெரும்பாலும் உள்ளாட்சியின் தலையில், இங்கே அது மாநில அரசுடையது. ஒப்பிடுவதென்றால் தண்ணீர், சாக்கடை, குப்பை, சாலை, தெருவிளக்கு என்று தலைப்பு வாரியாகத்தான் ஒப்பிட வேண்டும்.

அப்போதும் நில அமைப்பை மறந்துவிடக் கூடாது. சிறுவாணித் தண்ணீர் மலையிலிருந்து தானாக இறங்கிக் கோவைக்கு வருகிறது. திருப்பூருக்குப் பவானி ஆற்று நீரை மோட்டார் வைத்து மேடேற்ற வேண்டியிருக்கிறது. இந்த மின்கட்டண வித்தியாசத்துக்கும் அடர்த்திக்கும் தொடர்பில்லை.

தலைக்கு இவ்வளவு என்று வகுக்கும்போது யாருடைய தலையை எண்ணினோம் என்பதும் உண்டு. திருப்பூரில் பனியன் கம்பெனி விடுதியில் தங்கி வேலை செய்யும் ஒடிசாத் தொழிலாளியும் தண்ணீர் குடிக்கிறார், அவர் அறைக் குப்பையையும் யாரோ அள்ளுகிறார்கள். 2011 கணக்கெடுப்புக்குப் பிறகு வந்தவர் என்றால் அந்த எண்ணிக்கையில் அவர் இல்லை. அந்தப் பழைய எண்ணால் வகுத்துப் பார்ப்பவருக்குத் திருப்பூர் ஊதாரி ஊராகத்தான் தெரியும்.