வாங்கும் முன்பே விற்கும் விலையைக் குறித்து வைப்பது எப்படி

வைகை அணையின் முழுக் கொள்ளளவு நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் கரையோர மக்களுக்கு முதற்கட்ட வெள்ள எச்சரிக்கை விடப்படுகிறது, 68.5 அடியில் இரண்டாம் கட்டமும் 69 அடியில் மூன்றாம் கட்டமும் வருகின்றன. மழை கொட்டும் இரவில் பதற்றத்தோடு கூடி முடிவெடுத்த எண்கள் அல்ல இவை; ஆறு வறண்டு கிடக்கும் நாளிலும் இதே எண்கள்தான். மதுரையில் இருந்துகொண்டு இந்தச் செய்தியை ஆண்டுதோறும் படிக்கும் நான், பங்கு வணிகத்தில் மட்டும் பல காலம் தண்ணீர் வாசலுக்கு வந்த பிறகே யோசிக்கத் தொடங்கினேன்.

ஒருமுறை ₹310க்கு வாங்கிய பங்குக்கு ₹292ஐ ஸ்டாப் லாஸ், அதாவது அதற்குக் கீழே இறங்கினால் நஷ்டத்தோடு விற்றுவிட வேண்டிய எல்லை விலை, என்று மனத்துக்குள் வைத்திருந்தேன். விலை ₹293க்கு வந்தபோது அதை ₹285 ஆக்கினேன், பிறகு ₹270 ஆக்கினேன், கடைசியில் ₹214க்கு விற்றேன். பங்குக்கு ₹18 என்று திட்டமிட்ட நஷ்டம் ₹96 ஆனது. அந்த 31 சதவீத இழப்பை ஈடுகட்ட, மிஞ்சிய பணம் 45 சதவீதம் வளர்ந்தாக வேண்டும். லாபத்தில் இருக்கும் பங்கை அவசரமாக விற்பதும், நஷ்டத்தில் இருப்பதை விடாமல் பிடித்துக்கொள்வதும் முதலீட்டாளர்களின் பொதுவான இயல்பு என்று ஷெஃப்ரின், ஸ்டாட்மன் என்னும் இரு ஆய்வாளர்கள் 1985இலேயே எழுதியிருக்கிறார்கள். இந்த இயல்பை மன உறுதியால் வெல்வது கடினம் என்பதால், முடிவைப் பணம் போடுவதற்கு முந்தைய நேரத்துக்குத் தள்ளிவிடுவதே வழி.

முதலில், ஏன் வாங்குகிறோம் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, “இப்பங்கு இரண்டு மாதங்களில் மூன்று முறை ₹402 அருகே இறங்கி மீண்டும் ஏறியிருக்கிறது, இப்போது அங்கிருந்து ஏறி ₹420இல் நிற்கிறது” என்பது காரணமாக இருக்கட்டும். அப்படியானால் ₹402 தெளிவாக உடைந்துவிட்டால் வாங்கிய காரணமே இல்லாமல் போகிறது, ஸ்டாப் லாஸ் இருக்க வேண்டிய இடமும் அதற்குச் சற்றுக் கீழே, ₹398 என்று வைத்துக்கொள்ளலாம். ₹400 என்ற முழு எண்ணை நான் தவிர்ப்பேன். பலருடைய ஆர்டர்களும் அங்கேயே குவிந்திருக்க வாய்ப்புண்டு. எல்லாப் பங்குக்கும் ஐந்து சதவீதம் என்று ஒரே அளவுகோலை வைப்பவர்கள் உண்டு. அந்த முறை எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் அது நம் அச்சத்தை அளக்கிறதே தவிர அந்தப் பங்கின் போக்கை அளப்பதில்லை. கடந்த 14 நாட்களில் பங்கு சராசரியாக நாளொன்றுக்கு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை வரைபடச் செயலிகளில் ஏ.டி.ஆர். என்ற அளவு காட்டும். அது ₹11 என்றால், வாங்கிய விலைக்கு ₹8 கீழே ஸ்டாப் லாஸ் வைப்பது, சாதாரண ஒரு நாளின் அசைவிலேயே நம்மை வெளியே தள்ளிவிடும். நம் ₹22 இடைவெளி அதைப்போல இருமடங்கு என்பதால் தாங்கும்.

எத்தனை பங்கு வாங்குவது என்ற கேள்வி இதற்குப் பிறகே வர வேண்டும். பெரும்பாலோர் செய்யும் பிழை இந்த வரிசையைத் தலைகீழாக்குவதுதான்: கையில் ஒரு லட்சம் இருக்கிறது, ஒரு லட்சத்துக்கும் வாங்குவோம், நஷ்டத்தைப் பிறகு பார்ப்போம் என்பார்கள். மாறாக, மொத்த முதல் ₹2,00,000 என்றால், ஒரே வணிகத்தில் அதில் ஒரு சதவீதமான ₹2,000க்கு மேல் இழப்பதில்லை என்று முடிவு செய்யுங்கள். ₹2,000ஐ ₹22ஆல் வகுத்தால் 90 பங்குகள் வருகின்றன. வாங்கும் தொகை ₹37,800. ஸ்டாப் லாஸ் ₹40 தள்ளி இருந்திருந்தால் 50 பங்குகள்தான். இடைவெளி விரிந்தால் எண்ணிக்கை குறையும், ஆனால் இழக்கக்கூடிய தொகை மாறாது.

இலக்கு விலையை ஆசையிலிருந்து எடுக்காமல், விலை முன்பு எங்கே முட்டித் திரும்பியதோ அங்கிருந்து எடுக்க வேண்டும். முந்தைய உச்சம் ₹468 என்றால், விற்பவர்கள் அங்கே காத்திருப்பார்கள் என்பதால் ₹466 போதும். இழப்பு ₹22, ஆதாயம் ₹46. இரண்டு மடங்குக்குச் சற்று மேல். அந்த உச்சம் ₹440ஆக இருந்திருந்தால் ₹20 பெறுவதற்கு ₹22ஐப் பணயம் வைக்கிறோம். அந்தப் பங்கை விட்டுவிட வேண்டும், இலக்கை மேலே தள்ளிக் கணக்கைச் சரிக்கட்டக் கூடாது. இருமடங்கு ஆதாயம் கிடைக்குமானால் பத்தில் நான்கு முறை மட்டும் சரியாக இருந்தாலும், முறைக்கு ₹2,000 பணயம் என்ற கணக்கில், ₹16,000 வரவில் ₹12,000 இழப்பு போக ₹4,000 நிற்கும். டெலிவரியில், அதாவது அன்றே விற்காமல் பங்கைக் கணக்கில் வைத்துக்கொள்ளும் முறையில், வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதப் பங்கு பரிவர்த்தனை வரியும், 12 மாதத்துக்குள் விற்ற லாபத்துக்கு 20 சதவீத வரியும் உண்டு என்பதால், மெல்லிய இலக்குகள் பெரும்பாலும் பயனற்றவை.

இலக்கில் பாதியை, அதாவது 45 பங்குகளை விற்றுவிட்டு, மீதிக்கு ஸ்டாப் லாஸை உயர்த்திக்கொண்டே போகும் முறை எனக்குப் பிடித்தமானது. வாங்கிய விலைக்கே அதை உயர்த்துவார்கள் பலர். நாம் என்ன விலைக்கு வாங்கினோம் என்பது சந்தைக்குத் தெரியாது. ஆகவே புதிதாக உருவான தாழ்நிலைக்குச் சற்றுக் கீழே வைப்பதே பொருத்தம். மேலே மட்டுமே நகர்த்தலாம், கீழே ஒருபோதும் இல்லை.

இனி ஆர்டர் போடும் முறை. ஸ்டாப் லாஸ் ஆர்டரில், ஆர்டரைத் தூண்டும் ட்ரிக்கர் விலை, அதற்குக் கீழே விற்க வேண்டாம் என்னும் லிமிட் விலை என இரண்டு உண்டு. ட்ரிக்கர் ₹398, லிமிட் ₹396 என்று போட்டால், விலை ₹398ஐத் தொட்டதும் விற்பனை ஆர்டர் சந்தைக்குப் போகும். ஆனால் விலை ஒரே பாய்ச்சலில் ₹390க்குச் சென்றுவிட்டால் அது விற்காமல் தொங்கும். இரண்டுக்கும் இடையே நியாயமான இடைவெளி விடுங்கள். சாதாரண ஆர்டர் பிற்பகல் 3.30 மணிக்குச் சந்தை முடிந்ததும் ரத்தாகிவிடும். அதை அறியாமல் மறுநாளும் பாதுகாப்பு இருப்பதாக நம்பியவர்கள் பலர். அதனால் பல தரகர்கள் தரும் ஜி.டி.டி. வசதியில் (குறித்த விலை வரும்வரை பல நாட்கள் காத்திருக்கும் கட்டளை இது), இலக்கு, ஸ்டாப் லாஸ் இரண்டையும் ஒருசேரப் பதிவு செய்துவிடலாம்; ஒன்று தூண்டப்பட்டால் மற்றது நீங்கிவிடும். இது தரகரின் கணினியில் காத்திருக்கும் கட்டளையே தவிர, பங்குச் சந்தையில் நிற்கும் ஆர்டர் அல்ல. பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கில் டி.டி.பி.ஐ. ஒப்புதல், அதாவது விற்ற பங்குகளைத் தரகரே எடுத்துக்கொடுக்க நாம் முன்கூட்டியே தரும் அனுமதி, தந்திருக்கவில்லை என்றால், விற்பனைக்கு அனுமதி இல்லாமல் அது நிராகரிக்கப்படவும் கூடும். முதல் ஆர்டர் போடுமுன் இதைத் தரகரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஸ்டாப் லாஸ் இருந்தும் காப்பாற்றாத நாட்கள் உண்டு. 2020 மார்ச் 5 மாலை யெஸ் வங்கி மீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடுகளை விதித்தது; மறுநாள் அப்பங்கு பாதிக்கும் மேல் விழுந்தது. முந்தைய நாள் விலைக்கு ஐந்து ரூபாய் கீழே ஆர்டர் வைத்திருந்தவருக்கு அந்த விலை கிடைத்திருக்காது. தேர்தல் முடிவு வெளியான 2024 ஜூன் 4 அன்று சந்தைக் குறியீடான நிஃப்டி ஏறத்தாழ 6 சதவீதம் சரிந்ததும் நினைவிருக்கும். காலாண்டு முடிவுகள் வெளியாகும் தேதியைப் பார்த்து, அதற்கு முன் கையிலுள்ள பங்குகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வது நல்லது. ஒரே நாளில் ஐந்து சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ விடாத விலை வரம்புக்குள் இருக்கும் சிறிய பங்குகள் கீழ்வரம்பில் பூட்டிக்கொண்டால் வாங்க ஆளே இருக்காது; அவற்றுக்கு ஸ்டாப் லாஸை நம்பாமல், போடும் தொகையையே சிறிதாக்குங்கள்.

விலையோடு காலத்துக்கும் ஓர் எல்லை தேவை. மாட்டுத்தாவணி பூச்சந்தையில் மல்லிகை மொட்டு மாலையில் விரிந்துவிடும் என்பதால், அன்றைய விலைக்கே வியாபாரி அதைத் தள்ளியாக வேண்டும். பங்கு வாடுவதில்லை; அந்த வசதியே நம்மைச் சோம்பலாக்குகிறது. நான்கு வாரங்களில் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்றால் நான் விற்றுவிடுவேன். ₹425இல் முடங்கிக் கிடக்கும் ₹38,000 வேறு எங்காவது உழைக்கட்டும்.

இவை அனைத்தையும் ஞாயிற்றுக்கிழமை, சந்தை மூடியிருக்கும்போது ஒரு நோட்டில் எழுதுங்கள்: காரணம், ஸ்டாப் லாஸ், எண்ணிக்கை, இலக்கு, கடைசித் தேதி. பக்கத்தின் ஓரத்தில் இன்னொரு பத்தியையும் விடுங்கள். ஸ்டாப் லாஸை எத்தனை முறை கீழே இறக்கினேன் என்று அதில் குறிக்க வேண்டும். என் நோட்டில் முதல் ஆண்டு அந்தப் பத்தி நிறைந்திருந்தது. அதில் எழுதக் கூச்சப்பட்டே, பிறகு இறக்குவதைக் குறைத்துக்கொண்டேன்.