வயதான பூனைக்கு வீட்டிலேயே தோலடியில் சலைன் ஏற்றுவது எப்படி?

என் பூனை வெள்ளச்சிக்கு அப்போது 16 வயது. தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்வாள். மணல் தட்டை அள்ளும்போது வருகிற கட்டிகள் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போயின. முதுகைத் தடவினால் எலும்பு கையில் தட்டியது. ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 3.6. நாட்பட்ட சிறுநீரக நோய், மூன்றாம் நிலை என்றார் டாக்டர். இந்த நிலைகளை வகுத்தது ஐரிஸ் என்ற சர்வதேசக் குழு, பூனைகளுக்கு 2.9 முதல் 5.0 வரை மூன்றாம் நிலை, அதற்கு மேல் நான்காவது. ஒரு சலைன் பை, குழாய், கைநிறைய ஊசிகள் கொடுத்து, ஒரே ஒரு தடவை செய்து காட்டி, "இனிமே வீட்டிலேயே போட்டுடலாம்" என்று அனுப்பிவிட்டார்.

அன்று ராத்திரி நான் அழுதுவிட்டேன். அதற்குப் பிறகு 14 மாதம், ஒருநாள் விட்டு ஒருநாள், இந்தக் கையால்தான் போட்டேன். இதே பையோடு இன்று வீடு திரும்பியிருக்கும் ஒருவருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று தெளிவாக இருக்கட்டும். சலைன் சிறுநீரகத்தைக் குணமாக்காது. பழுதான சிறுநீரகத்தால் சிறுநீரைக் கெட்டியாக்க முடிவதில்லை; குடித்த தண்ணீரெல்லாம் வெளியே போய்விடுகிறது. உடம்பு வறண்டால் குமட்டல், மலச்சிக்கல், சோர்வு எல்லாம் வரிசையாக வரும். அந்த வறட்சியைத்தான் நாம் ஈடுகட்டுகிறோம். நன்றாகச் சாப்பிட்டு, வறட்சி இல்லாமல் இருக்கிற பூனைக்கு இது தேவைப்படாமலே இருக்கலாம். எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். பூனைகளுக்கு ஒரு தடவைக்கு 75 முதல் 150 மி.லி. வரை சொல்வது வழக்கம். வெள்ளச்சி 3.1 கிலோ, அவளுக்கு 100 மி.லி.

படி 1: பையைப் படியுங்கள்

எல்லாப் பையும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். எங்களுக்கு எழுதிக் கொடுத்தது ரிங்கர் லாக்டேட் என்ற உப்புத் திரவம்; அதைத்தான் இங்கே சலைன் என்கிறேன். டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரை கலந்த பையைத் தோலடியில் போடக்கூடாது. ஒவ்வொரு தடவை புதுப் பை வாங்கும்போதும் பெயரை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பேன். திரவம் கலங்கியிருந்தாலோ, துகள் மிதந்தாலோ அந்தப் பை வேண்டாம்.

படி 2: ஊசியும் குழாயும்

ஊசியில் கேஜ் என்கிற எண் சிறிதானால் துளை பெரிது. 18 கேஜ் போட்டால் ஐந்தாறு நிமிடத்தில் வேலை முடியும், ஆனால் குத்தும்போது தெரியும். 23 போட்டால் பூனைக்குத் தெரியாது, ஆனால் அது பொறுமையிழந்து எழுந்து போகும்வரை சொட்டிக்கொண்டே இருக்கும். நான் எல்லாம் பார்த்துவிட்டு 20-இல் நின்றேன். டெரூமோ நிறுவனத்தின் மெல்லிய சுவர் ஊசி கிடைத்தால் அதையே வாங்குங்கள். வெளியே மெலிதாகவும் உள்ளே துளை அகலமாகவும் இருப்பதால் அதே கேஜில் வேகமாக இறங்கும். ஒவ்வொரு தடவையும் புது ஊசி. ஒருமுறை தோலில் போய் வந்த ஊசியின் முனை மழுங்கிவிடும், சுத்தமும் போய்விடும்.

*பிறகு சேர்த்தது:* "பிங்க் நிறம் என்று சொன்னார்கள், வாங்கிவிட்டேன், இது வேறு மாதிரி இருக்கிறதே" என்று ஒருவர் கேட்டிருந்தார். அவர் கையில் இருந்தது நரம்பில் போடும் கேனுலா. சாதாரண ஊசியில் பிங்க் என்றால் 18 கேஜ், மஞ்சள் என்றால் 20, பச்சை என்றால் 21. கேனுலாவில் பிங்க் என்றால் 20, பச்சை என்றால் 18. நிறத்தைச் சொல்லிக் கேட்காதீர்கள், "20 கேஜ் ஊசி" என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

குழாயிலும் இரண்டு வகை உண்டு. 20 சொட்டு ஒரு மி.லி. என்று உறையில் போட்டிருப்பது நமக்கானது. 60 சொட்டு ஒரு மி.லி. என்பது குழந்தைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து ஏற்ற வைத்திருப்பது. "அரைமணி நேரம் ஆகியும் முடியவில்லை" என்று எழுதிய மூன்று பேரில் இரண்டு பேர் வீட்டில் இந்த 60 சொட்டுக் குழாய்தான் இருந்தது.

படி 3: சூடாக்குவது

பூனையின் உடம்புச் சூடு 38 டிகிரிக்கு மேல். அறைச் சூட்டில் இருக்கிற சலைன்கூட அதற்குச் சில்லென்றுதான் இருக்கும். கை பொறுக்கும் வெந்நீரில் பையைப் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். ஊசி, குழாய் சேரும் இடம் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு சொட்டு மணிக்கட்டின் உள்பக்கம் விட்டுப் பாருங்கள். சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். வெளியே வெதுவெதுப்பாக இருக்கும், நடுவில் கொதித்துக் கிடக்கும்.

படி 4: அளவு தெரிய ஒரு தராசு

பையில் அச்சிட்ட கோடுகளை நம்பி ஒரு மாதம் ஓட்டினேன். பை சுருங்கச் சுருங்க அந்தக் கோடு எதையும் சரியாகக் காட்டாது. பயணப் பெட்டியை எடை பார்க்கிற தொங்கு தராசு ஒன்று இருக்கிறதே, அதை ஜன்னல் கம்பியில் மாட்டி, அதில் பையைத் தொங்கவிடுங்கள். ஒரு மி.லி. சலைன் கிட்டத்தட்ட ஒரு கிராம். தராசு 520 காட்டினால் 420 வரும்போது மூடிவிட வேண்டியதுதான். சிறு எடையையும் காட்டுகிற தராசாகப் பார்த்து வாங்குங்கள். இந்த வேலைக்காக நான் வாங்கியதிலேயே உருப்படியான பொருள் இதுதான். பை எவ்வளவு உயரத்தில் தொங்குகிறதோ அவ்வளவு வேகமாக இறங்கும்.

குழாயைத் திறந்து காற்றுக் குமிழ்களை வெளியேற்றிவிட்டு மூடுங்கள். ஒன்றிரண்டு குமிழ் தோலடியில் போனால் பயப்படாதீர்கள். இது ரத்தக் குழாயில் போடுகிற ஊசி அல்ல.

படி 5: குத்துவது

இங்கேதான் நான் தடுக்கி விழுந்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் ராத்திரி தோள்பட்டைக்கு நடுவில் தோலைக் கிள்ளிப் பிடித்தேன், கண்ணை இறுக்கிக்கொண்டு ஊசியைச் செருகினேன். வெள்ளச்சி அசையவில்லை. சொட்டு ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பத்து நிமிடம் கழித்து அவளைத் தூக்கினால் துண்டு முழுக்க ஈரம்! ஊசி ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியே வந்திருக்கிறது. ஒரு சொட்டுகூட அவள் உடம்பில் சேரவில்லை. இரண்டாம் நாள் பயந்து பயந்து மெதுவாகத் தள்ளினேன். ஊசி தோலின் தடிமனுக்குள்ளேயே நின்றுவிட்டது. சொட்டு விழவில்லை, அவள் கத்தினாள். அந்தக் கத்தல் இன்னும் காதில் இருக்கிறது.

மூன்றாம் நாள் கிளினிக்குக்கே தூக்கிக்கொண்டு போனேன். அங்கே இருந்த நர்ஸ் அக்கா என் கையைப் பிடித்துச் சொன்னார்: "ஊசியைத் தள்ளாதீங்க. ஊசியை அப்படியே வெச்சுக்குங்க, தோலை அது மேல இழுங்க." அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஊசி தவறியது மிக அபூர்வம்.

அதைப் பிரித்துச் சொன்னால் இப்படி. பூனை உங்களுக்கு முதுகைக் காட்டி, உங்களைப் போலவே முன்னால் பார்த்து உட்கார வேண்டும். இடது கையின் கட்டைவிரலும் நடுவிரலும் தோலைத் தூக்கட்டும். ஆள்காட்டி விரலால் அந்த மடிப்பின் பின்பக்கம், உங்கள் பக்கமாக, லேசாக அழுத்துங்கள். ஒரு சின்னக் குழி விழும். கூடாரத்தின் வாசல் மாதிரி இருக்கும். ஊசி போக வேண்டிய இடம் அந்த வாசல், கூடாரத்தின் உச்சி அல்ல. ஊசியின் சரிந்த முகம் மேலே பார்க்க வேண்டும். ஊசி முதுகெலும்புக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும். கீழே சாய்ந்தால் சதையில் குத்தும், குறுக்கே போனால் மறு பக்கம் வந்துவிடும். இப்போது வலது கையை அசைக்காமல், இடது கையால் தோலை உங்கள் பக்கம் இழுங்கள். தோல் தாண்டும்போது 'சடக்' என்று மிகச் சிறிய விடுபடல் ஒன்று விரலுக்குத் தெரியும். அதன்பின் ஊசி தடையில்லாமல் நிற்கும்.

மடிப்பை விட்டுவிட்டு, குழாயைத் திறந்து, மறு பக்கம் ரோமத்தைத் தடவிப் பாருங்கள். ஈரம் இல்லை, சொட்டும் ஓடுகிறது என்றால் சரியான இடம். சொட்டு நின்றால் ஊசியை வெளியே எடுக்காமல் கால் சுற்றுத் திருப்புங்கள். பெரும்பாலும் ஊசியின் சரிந்த முகம் தோலில் ஒட்டியிருக்கும். குழாயில் ரத்தம் தெரிந்தால் எடுத்துவிட்டு, புது ஊசியோடு வேறு இடத்தில் போடுங்கள். தினமும் ஒரே இடத்தில் குத்தாமல் இடமும் வலமுமாக மாற்றிக்கொள்ளுங்கள்.

அவளை நான் அமுக்கிப் பிடித்ததே இல்லை. ஓரம் உயர்ந்த அட்டைப் பெட்டியில் எப்போதும் ஒரே பழைய துண்டு, எப்போதும் ஒரே நேரம், முடிந்ததும் அவளுக்குப் பிடித்த நக்கித் தின்கிற தீனி. துடித்து எழுந்தால் எழட்டும் என்று ஊசியை எடுத்துவிடுவேன். 60 மி.லி.தான் போயிருக்கிறதா, பரவாயில்லை. ஒருநாள் குறைந்ததால் ஒன்றும் ஆகிவிடாது. என் கையைப் பார்த்தாலே அவள் ஓட ஆரம்பித்தால்தான் எல்லாம் போச்சு.

படி 6: எடுத்த பிறகு

குழாயை மூடிவிட்டு ஊசியை எடுங்கள். ஓட்டையின் மேல் விரல் வைத்து ஒரு நிமிடம் லேசாக அழுத்துங்கள். ஒன்றிரண்டு சொட்டு கசியும், சில சமயம் சற்றே சிவந்திருக்கும்.

தோளில் ஒட்டகத் திமில் மாதிரி ஒரு வீக்கம் தெரியும். சில மணி நேரத்தில் அது சரிந்து ஒரு முன்னங்காலுக்கோ நெஞ்சுக்கோ இறங்கும். கால் வீங்கிவிட்டது என்று நடுராத்திரி டாக்டருக்குப் போன் செய்தவள் நான். அது சலைன்தான், தானே வற்றிவிடும். ஆனால் அடுத்த முறை போடும் நேரம் வந்தும் வீக்கம் அப்படியே இருந்தால் மேலே போடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

*பிறகு சேர்த்தது, தயவுசெய்து விடாமல் படியுங்கள்:* இதய நோய் உள்ள பூனைக்குச் சலைன் அதிகமானால் நுரையீரலைச் சுற்றியோ உள்ளேயோ நீர் கோத்துக்கொள்ளும். வயதான பூனைகளில் இதய நோய் வெளியே தெரியாமலே இருக்கும். ஒரு வாசகரின் பூனைக்கு அப்படித்தான் ஆகி, நல்லவேளை உடனே கொண்டுபோனதால் பிழைத்தது. பூனை ஆழ்ந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை எண்ணுங்கள். 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்கினால் போதும். நிமிடத்துக்கு 30-க்கு மேல் போய்க்கொண்டே இருந்தால் சலைனை நிறுத்தி டாக்டரைக் கூப்பிடுங்கள். வாயைத் திறந்து மூச்சு விட்டால் கூப்பிட்டுக் கொண்டிருக்காதீர்கள், தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

சாப்பாடு, மாத்திரை பற்றிக் கொஞ்சம்

பாஸ்பரஸ் குறைந்த சிறுநீரக உணவு நல்லதுதான். ஆனால் அதை மட்டும் வைத்துவிட்டு "பசித்தால் தின்னட்டும்" என்று காத்திருக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் பூனை பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து அதுவே உயிருக்கு ஆபத்தாகிவிடும். எதைத் தின்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு, குமட்டலுக்கும் பசிக்கும் மருந்து கேளுங்கள். மாரோபிடன்ட் வாந்தியை நிறுத்தும். மிர்டாசபின் பசியைத் தூண்டும். காது மடலில் தடவுகிற களிம்பாகவும் வருகிறது, மாத்திரைச் சண்டை மிச்சம்.

மாத்திரை கொடுத்தால் பின்னாலேயே சிரிஞ்சில் ஐந்து மி.லி. தண்ணீர் வாயோரமாக விடுங்கள். உலர்ந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். பூனைக்குப் பிடித்த உணவில் மருந்தை ஒளிக்காதீர்கள், அந்த உணவையே வெறுத்துவிடும். மனிதர்களின் வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். பாரசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சிறுநீரக நோயோடு அது கூடினால் விழித்திரை விலகி ஒரே நாளில் கண் தெரியாமல் போய்விடும்.

படி 7: ஒரு நோட்டு

தேதி, எடை, எவ்வளவு மி.லி., எவ்வளவு சாப்பிட்டாள், வாந்தி உண்டா. ஒரு வரி போதும். எடையை வாரத்துக்கு ஒருமுறை, குழந்தைத் தராசில். தினமும் பார்க்கிற கண்ணுக்கு மெலிவது தெரியாது.

வலி இருக்கிறதா என்று பார்க்க மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தார் 2019-இல் வெளியிட்ட முகக் குறி அளவுகோல் எனக்கு மிகவும் உதவியது. காது தட்டையாகி விலகியிருக்கிறதா, கண் இடுங்கியிருக்கிறதா, மூக்கும் வாயும் இறுகியிருக்கிறதா, மீசை விறைத்திருக்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2. மொத்தம் 10-க்கு 4 வந்தால் வலி மருந்து பற்றி டாக்டரிடம் பேச வேண்டும்.

இன்னொன்று, ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற கால்நடை மருத்துவர் தந்த வாழ்க்கைத் தர அளவுகோல். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளை விட நல்ல நாள் கூடுதலா என்று ஏழு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண். 35-க்கு மேல் இருந்தால் தொடரலாம் என்பது அவர் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மதிப்பெண் போடுவேன். 52, 50, 51, 44 என்று வந்தது, பிறகு ஒரு வாரம் 31. அந்த வாரம் அவள் பெட்டிக்குள் வரவில்லை. கட்டிலுக்கடியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தீனியை மூக்கருகில் வைத்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கையில் ஊசியோடு தரையில் படுத்து அவளைப் பார்த்தேன். ஊசியை மூடி வைத்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் வீட்டுக்கே வந்தார். முதலில் மயக்க மருந்து. அந்தப் பழைய துண்டின் மேல், என் கை அவள் கன்னத்தின் கீழ் இருக்கும்போதே தூங்கிவிட்டாள். இரண்டாவது ஊசி போட்டது அவளுக்குத் தெரியாது.

படி 8: பயன்படுத்திய ஊசிகள்

குப்பையில் போடாதீர்கள், குப்பை அள்ளுகிறவர் கையைக் கிழிக்கும். மூடி திருகுகிற கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில், மூடியைத் திரும்ப மாட்ட முயலாமல், ஊசியை அப்படியே போடுங்கள். முக்கால் பாகம் நிறைந்ததும் இறுக மூடி டேப் ஒட்டி, கிளினிக்கில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். நான் மொத்தம் நான்கு பாட்டில் கொடுத்தேன். கடைசிப் பாட்டில் பாதிதான் நிறைந்திருந்தது.