காணாமல் ஆக்கப்பட்டவரின் தாய் வரும் அன்பியச் செபத்தை நடத்துவது எப்படி

கிளிநொச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அன்பியம் நடத்துகிறேன். அயலில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் சிறு குழு அது. தொடங்கிய வருடத்தில் ஒரு பெரிய பிழை விட்டேன். நவம்பர், இறந்தோரின் மாதம். ஓர் அம்மா தன் மகனின் படத்தை மேசையில் வைத்தார். போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு காணாத மகன். நான் யோசிக்காமல் படத்தின் முன் மெழுகுதிரி கொளுத்திவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. திரியை ஊதி அணைத்துவிட்டு, படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஆகவே திரி சிலுவைக்கு முன்னால் மட்டும். படத்துக்கு மாலையும் வேண்டாம். பெயர் சொல்லும்போது ‘இருந்தார்’ என்று சொல்லாதீர்கள். இறந்தோருக்காகச் சொல்லும் ‘நித்திய இளைப்பாற்றி’ செபத்தில் அந்தப் பெயரைச் சேர்க்காதீர்கள். சேர்க்கச் சொல்லும் உரிமை தாய்க்கு மட்டுமே.

வாசகத்துக்கு 2 சாமுவேல் 21, 1 முதல் 14 வரை எடுங்கள். அவசரப்படாமல் வாசியுங்கள். மூன்று வருடப் பஞ்சம். சவுல் கிபயோனியரைக் கொன்ற பழி தீர, தாவீது அரசர் சவுலின் வழிவந்த ஏழு பேரை அவர்களிடம் கையளிக்கிறார். அவர்கள் ஏழு பேரையும் மலையில் தூக்கிலிட்டுக் கொல்கிறார்கள். அதில் இருவர் இரிஸ்பாவின் பிள்ளைகள். (பழைய வேதாகமத்தில் ரிஸ்பாள்.) வாற்கோதுமை அறுவடை தொடங்கியதிலிருந்து மழை பெய்யும்வரை அவள் பாறையில் சாக்குத்துணி விரித்து இருக்கிறாள். பகலில் பறவைகளையும் இரவில் காட்டு விலங்குகளையும் அந்த உடல்களை அண்டவிடவில்லை. அவள் பேசிய ஒரு சொல்லும் எழுதப்படவில்லை. ஆனாலும் செய்தி அரசனிடம் போகிறது, 11ஆம் வசனத்தில். எலும்புகளைச் சேர்க்கச் சொல்கிறார். அடக்கம் முடிந்த பிறகுதான் நாட்டுக்கான மன்றாட்டைக் கடவுள் கேட்டார் என்கிறது 14ஆம் வசனம். ஏழு பேரைக் கொன்றபோது அல்ல. இந்த இடத்தில் நின்று, இன்னொரு தடவை வாசியுங்கள்.

அப்புறம் ஒரே கேள்வி: இன்று இரிஸ்பா எங்கே இருப்பாள்? எங்கள் ஊரில் பதிலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டம் தொடங்கி உட்கார்ந்ததை எல்லோரும் கண்டவர்கள். ‘செபத்துக்குள் அரசியல் ஏன்?’ என்று யாராவது கேட்பார்கள். வாக்குவாதம் வேண்டாம். கேட்டவரிடமே வேதாகமத்தைக் கொடுத்து 11ஆம் வசனத்தை வாசிக்கச் சொல்லுங்கள்.

சங்கீதம் 13 ‘எதுவரைக்கும்’ என்று நாலு தடவை கேட்டுவிட்டு நம்பிக்கையில் முடிகிறது. 88 அப்படி அல்ல, இருளிலேயே நின்றுவிடுகிறது. நான் 88ஐ எடுக்கிறேன். முடிந்ததும் உயிர்ப்பைப் பற்றிப் பேசத் தொடங்காதீர்கள். உயிர்ப்பை நான் முழுமனதோடு விசுவசிக்கிறேன். ஆனால் அந்தச் சொல் அந்தத் தாயின் வாயிலிருந்து, அவருக்கு வரும் நேரத்தில் வரட்டும். ‘எல்லாம் கடவுளின் சித்தம்’ என்பதை மட்டும் ஒருவரும் சொல்ல விடாதீர்கள். சும்மா இரண்டு நிமிடம் இருங்கள்.

பிளேன்ரீ வரும், எல்லோரும் எழும்பப் பார்ப்பார்கள். அந்தப் படத்தின் பிளாஸ்டிக் உறை மழைபட்டு ஒரு மூலையில் பிரிந்திருக்கிறது. அம்மா அதைப் பெருவிரலால் அழுத்தி அழுத்தி ஒட்டப் பார்ப்பார். அவர் அதைப் பையில் வைத்து முடிக்கும்வரை நீங்கள் பாயிலேயே இருங்கள்.