பையை நாளுக்குள் நுழைப்பது: டர்பனில் வீட்டு வயிற்று டயாலிசிஸ், தொடங்குவோருக்கான செய்முறை

சிறுநீரகம் செயலிழந்தவர்கள் பையிலுள்ள திரவத்தை வயிற்றுக்குள் விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்துவிட்டுப் புதிய பையிலிருந்து நிரப்பிக்கொள்வதுதான் வீட்டு வயிற்று டயாலிசிஸ். அதற்கான பயிற்சி முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது பை மாற்றும் நேரங்களுக்கு ஓர் அட்டவணை தருவார்கள். காலை 6, மதியம் 12, மாலை 5, இரவு 10. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் விடியற்காலை டாக்ஸி பிடித்து ஜேக்கப்ஸ் தொழிற்பேட்டைக்குப் போகிறவருக்கும், ஃபீனிக்ஸ் பகுதியில் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப் போகிற பாட்டிக்கும் அது ஒரே மாதிரி பொருந்துமா? எங்கள் வீட்டில் அம்மாவுக்குப் பை மாற்றுவது நான்தான். முதலில் அம்மாவின் நாளை எழுதி வைத்துக்கொண்டு, பிறகு அதற்குள் பைகளுக்கு இடம் தேடினோம். அந்த வரிசையிலேயே இங்கே சொல்கிறேன். வயிற்றில் குழாய் பொருத்தி, பயிற்சியும் முடித்தவர்களுக்கானது இது. மருந்தளவு எதையும் இதைப் படித்துவிட்டு மாற்ற வேண்டாம்.

படி 1: எது வளையும், எது வளையாது

வயிற்றுக்குள் விடும் 2 லிட்டர் அளவுள்ள திரவத்தில் குளுக்கோஸ் இருக்கிறது. வயிற்றின் உட்சவ்வு வழியாக ரத்தத்திலுள்ள கழிவு திரவத்துக்குள் இறங்குகிறது. குளுக்கோஸ் உடலின் மிகை நீரை இழுக்கிறது. பகலில் 4 முதல் 6 மணி நேரம் தங்கினால் வேலை நடந்துவிடும். அதற்கு மேல் நீண்டுகொண்டே போனால் குளுக்கோஸை உடல் உறிஞ்சிவிடும், இழுத்த நீரும் மெல்ல உடலுக்கே திரும்பும்.

ஆகவே மாற்றும் நேரம் ஒரு மணி நேரம் முன்னே பின்னே போகலாம். எத்தனை பை, ஒரு பையில் எவ்வளவு, எந்தச் செறிவு என்பவை மருத்துவர் சொன்னபடியே இருக்க வேண்டும். செறிவு 1.5, 2.5, 4.25 சதவீதம் என்று வரும். பையின் நிறத்தை நம்பாமல் எண்ணைப் படியுங்கள். நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கை கழுவுவதிலும் முகக்கவசத்திலும் எந்தச் சலுகையும் கிடையாது, அவசரமான நாளில்கூட.

படி 2: உங்கள் நாளை எழுதுங்கள்

ஒரு தாளில் எழுந்திருக்கும் நேரம், வீட்டை விட்டுக் கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், படுக்கும் நேரம் ஆகியவற்றைக் குறியுங்கள். வேலை நாளுக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று என்று இரண்டு தாள் வேண்டும். இரண்டு மாற்றங்களுக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம் விட்டு நான்கு புள்ளிகளைத் தேடுங்கள். காலை 6க்கு எழுகிறவருக்கு 6.30, 12.30, 5.30, 10 என்று அமையலாம்.

சிக்கல் அந்த 12.30இல்தான். வேலையிடத்தில் மாற்ற வேண்டுமென்றால் கதவு மூடக்கூடிய சுத்தமான அறை, பக்கத்தில் கை கழுவும் குழாய், பையைத் தொங்கவிட ஒரு கொக்கி, அரை மணி நேரம் ஆகியவை வேண்டும். கழிப்பறை இதற்கு ஆகாது. மேலாளரிடம் வாயால் கேட்பதோடு நிறுத்தாமல், டயாலிசிஸ் சிஸ்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தால் காரியம் சீக்கிரம் நடக்கும்.

அது முடியாது என்றால் இரவு இயந்திரத்தைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். சைக்ளர் என்னும் அந்த இயந்திரம் நீங்கள் தூங்கும் 8 முதல் 10 மணி நேரத்தில் தானே பல முறை மாற்றிவிடும். பகலில் நீண்ட நேரம் தங்க வேண்டிய திரவத்துக்கு ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற வேறு வகை கொடுப்பதுண்டு. அது குளுக்கோஸ் போலச் சீக்கிரம் உறிஞ்சப்படாது. சர்க்கரை நோயாளிகள் இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள்: ஐகோடெக்ஸ்ட்ரின் உடலில் இருக்கும்போது சில வகைச் சோதனைப் பட்டைகள் ரத்தச் சர்க்கரையை உண்மையைவிட அதிகமாகக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். உங்கள் சோதனைக் கருவி எதுவென்று சிஸ்டரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 3: இடம்

ஒரு நாற்காலி, துடைக்க எளிதான மேசை, தோளுக்கு மேலே ஒரு கொக்கி, மூடக்கூடிய கதவு. சாமி அறை வேண்டாம். ஊதுபத்திச் சாம்பலும் பூவிதழும் பறக்கும். பூனை வெளியே. பிப்ரவரிப் புழுக்கத்தில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னால் எல்லோரும் முகம் சுளிப்பார்கள், ஆனால் குழாயை இணைக்கும் நேரத்திலும் கழற்றும் நேரத்திலும் நிறுத்தியே ஆக வேண்டும். நடுவில் போட்டுக்கொள்ளலாம்.

பெட்டிகளை மறந்துவிடாதீர்கள். நாளைக்கு 4 பை, பைக்கு 2 லிட்டர் என்றால் 30 நாளுக்கு 240 லிட்டர். ஒரு சிறிய அறையின் பாதியை அது விழுங்கும். தகரக் கூரை போட்ட காரேஜில் வைக்காதீர்கள், வெயில் கொதிக்கும். தரையில் ஈரம் ஏறாமல் பலகை போட்டு அடுக்கி, பழைய தேதியுள்ளதை முன்னால் வையுங்கள்.

படி 4: மாற்றும் வரிசை

பையை உலர்ந்த சூட்டில் இளஞ்சூடாக்குங்கள், அதற்கென்றே வெப்பத் தட்டு இருக்கிறது. மைக்ரோவேவ் வேண்டாம், ஒரு பக்கம் கொதித்து ஒரு பக்கம் குளிர்ந்திருக்கும். வெந்நீரில் முக்கவும் வேண்டாம், ஈரத்தோடு கிருமி வரும். செறிவு, தேதி, கசிவு, தெளிவு நான்கையும் பாருங்கள். முகக்கவசம் போட்டு, சோப்பில் கை கழுவி, முழுக்க உலர்த்துங்கள். குழாய் முனையை எதிலும் படாமல் இணையுங்கள்.

முதலில் பழைய திரவம் வடிய வேண்டும், சுமார் 20 நிமிடம். அடுத்து, புதிய திரவத்தில் சிறிதளவைச் சில நொடிகள் நேரே வடிகால் பைக்கு விடுங்கள். காற்றும் இணைப்பில் ஒட்டிய கிருமியும் அதோடு போய்விடும். இதைத் தாண்டக் கூடாது. பிறகு வயிற்றுக்குள் நிரப்புவது, சுமார் 10 நிமிடம். கழற்றியதும் புதிய மூடி.

வடிந்ததை எடை போட்டு எழுதுங்கள். எங்கள் அம்மா இந்த அரை மணி நேரத்தை லோட்டஸ் எஃப்எம்முக்கு ஒதுக்கிவிட்டார். யாரும் எந்த வேலையும் ஏவ முடியாத நேரம் என்பதில் அவருக்கு ரகசிய மகிழ்ச்சி.

படி 5: தவறிப்போன பை

ஒரு மாற்றம் தவறினால் இரண்டு பையைச் சேர்த்து விடக் கூடாது. நினைவு வந்ததும் மாற்றுங்கள், மிச்சத்தைத் தள்ளி வையுங்கள், அன்று நான்கு முடியவில்லை என்றால் மூன்று என்றே எழுதுங்கள். பலர் நான்கு என்று எழுதிவிடுகிறார்கள். அரசு மருத்துவமனையின் டயாலிசிஸ் திட்டத்தில் தங்கள் இடம் பறிபோகுமோ என்ற பயம். அந்தப் பயத்துக்கு வரலாறு உண்டு: டர்பனைச் சேர்ந்த தியாகராஜ் சூப்ரமணி அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் கேட்டுத் தொடுத்த வழக்கை, வசதிகள் போதாது என்ற நிலையை ஏற்று, அரசியல் சாசன நீதிமன்றம் 1997 நவம்பரில் தள்ளுபடி செய்தது. இன்றும் அரசு மருத்துவமனைகளில் இடம் குறைவுதான். ஆனாலும் பொய்க் கணக்கு உங்களையே அடிக்கும். நான்கு பை போட்டும் ரத்தச் சோதனை மோசமாக இருக்கிறது என்று நினைத்து மருத்துவர் திரவத்தின் அளவைக் கூட்டிவிடுவார். உண்மையைச் சொன்னால் நேரத்தை மாற்றித் தர வழி தேடலாம்.

படி 6: மின்சாரமும் தண்ணீரும் இல்லாத நாள்

கையால் மாற்றும் முறைக்கு மின்சாரம் சூடாக்க மட்டும்தான் தேவை. சைக்ளர் வைத்திருப்பவர்கள் மின்வெட்டு நேரங்களைப் பார்த்துத் தொடங்குவதோடு, கையால் மாற்றும் பைகள் சிலவற்றையும் வைத்திருக்க வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தும் இருக்க வேண்டும்.

2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு, டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட்டில் மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லை. கொதிக்க வைத்து ஆறிய நீரை மூடியுள்ள கேனில் கை கழுவ மட்டும் தனியாக வையுங்கள். ஆல்கஹால் கைத்தேய்ப்பானும் வேண்டும். 2021 ஜூலைக் கலவரத்தில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு வரும் என்3 நெடுஞ்சாலை மூடப்பட்டதை நினைத்துப் பார்த்தால், பைகளைக் கொண்டுவரும் அடுத்த லாரி வரும்வரை என்று கணக்குப் போடாமல் அதற்கு மேலும் இரண்டு வாரக் கையிருப்பு வைப்பதன் காரணம் புரியும்.

படி 7: சாப்பாடு, கோவில், பயணம்

திரவத்தோடு தினமும் புரதம் வெளியேறுகிறது. புரட்டாசி மாதம் முழுக்கச் சைவம் என்றால் பருப்பு, தயிர் எவ்வளவு என்று உணவு ஆலோசகரிடம் முன்கூட்டியே கேளுங்கள்; பாஸ்பரஸ் கணக்கும் அவருக்குத் தெரியும். மாங்காய் ஊறுகாய் தாகத்தைக் கிளப்பும், தாகம் தண்ணீரைக் குடிக்க வைக்கும், தண்ணீர் காலில் வீங்கும். மலச்சிக்கல் இருந்தால் திரவம் சரியாக வடியாது. குழாய் கெட்டுவிட்டதோ என்று பதறும் முன் அதைக் கவனியுங்கள்.

காவடி தூக்குவது வேறு விஷயம். வயிற்றில் 2 லிட்டர் இருக்கும்போது பாரம் தூக்கினால் குடலிறக்கம் வரலாம். பால்குடம்கூட மருத்துவரைக் கேட்டுத்தான். ஈஸ்டர் வெள்ளிக்கிழமை இசிபிங்கோ மாரியம்மன் கோவிலுக்கு, காலை மாற்றம் முடிந்ததும் கிளம்பி அடுத்ததற்குள் திரும்பிவிடுங்கள்.

ஜோகன்னஸ்பர்க் சுமார் 570 கிலோமீட்டர், காரில் ஆறு மணி நேரம். கிளம்பும் முன் ஒன்று, போய்ச் சேர்ந்ததும் ஒன்று என்று சரியாகப் பொருந்தும். நீண்ட தங்கல் என்றால் பெட்டிகளை அங்கேயே இறக்கச் சில வாரங்களுக்கு முன் சொல்லி வையுங்கள்.

படி 8: அட்டவணையை மறக்க வேண்டிய நேரம்

வடிந்த பையைச் செய்தித்தாளின் மேல் வைத்துப் பாருங்கள். எழுத்து தெளிவாகத் தெரியாமல் திரவம் கலங்கியிருந்தால், அல்லது வயிற்று வலி, காய்ச்சல் வந்தால், உடனே டயாலிசிஸ் யூனிட்டை அழையுங்கள். இரவு 2 மணியானாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். குழாய் வெளிவரும் இடம் சிவந்தாலோ சீழ் வைத்தாலோ அன்றே சொல்லுங்கள். குழாய் முனை எதிலாவது பட்டுவிட்டால் திரவத்தை உள்ளே விடாமல், கவ்வியை மூடிவிட்டு அழையுங்கள். கலங்கிய பையைக் கொட்டிவிடாதீர்கள். கட்டி எடுத்துக்கொண்டு போங்கள், எந்தக் கிருமி என்று அதில்தான் சோதிப்பார்கள்.