கையெழுத்துப் பயிற்சி: சொல்லித்தருபவர் செய்யும் தவறுகள்

புதிதாகக் கையெழுத்து டியூஷன் எடுக்கத் தொடங்கியிருக்கும் ஒருவர், தம் வகுப்பை வந்து பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆறு பிள்ளைகள் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர் தம் மேசையில் அமர்ந்து, முதல் நாள் நோட்டுகளைச் சிவப்பு மையால் திருத்திக்கொண்டிருந்தார். சத்தமில்லாத, ஒழுங்கான வகுப்பு. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அதே சிவப்பு மை, அதே குனிந்த தலைகள்.

மழுங்கிய பென்சில், கூனிய முதுகு, போதாத வெளிச்சம் பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை யார் கண்ணிலும் படும். கண்ணில் படாமல் ஆண்டுக்கணக்கில் நாம் செய்துகொண்டே இருக்கும் தவறுகள் சில உண்டு. அவற்றில் ஒன்றை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

நோட்டை மட்டும் பார்ப்பது

ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி என்னிடம் வந்தாள். எழுத்து கோழி கிளறியது போல இருந்தது. தினமும் இரண்டு பக்கம் பார்த்து எழுதச் சொன்னேன். வீட்டில் எழுதிக்கொண்டு வருவாள்; நான் திருத்துவேன். மூன்று மாதத்தில் முத்துமுத்தான எழுத்து. அவள் அம்மாவுக்குப் பெருமை, எனக்கு அதைவிடப் பெருமை. மற்ற பெற்றோரிடம் அந்த நோட்டைக் காட்டுவதற்காகவே ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் அந்த அம்மா வேறொரு நோட்டைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். பள்ளியில் ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிய நோட்டு. “இது இவள் எழுதியதுதானா என்று நீங்களே பாருங்கள் டீச்சர்” என்றார். ‘ப’ எல்லாம் மூலையில் பிளந்து கிடந்தன. ‘அ’வின் சுழி ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம். ஆங்கிலச் சிறிய ‘ஏ’ எல்லாம் வாய் திறந்து ‘யு’ ஆகியிருந்தன. கோழி திரும்பி வந்திருந்தது.

அன்றுதான் முதல்முறையாக நோட்டை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பார்த்தேன். “ஒரு ப எழுதும்மா” என்றேன். இடப்பக்கக் கோட்டைக் கீழிருந்து மேலே இழுத்தாள். பென்சிலைத் தூக்கினாள். வலப்பக்கக் கோட்டை மேலிருந்து கீழே இழுத்தாள். மறுபடியும் தூக்கினாள். பிறகு அடிக்கோட்டை வலமிருந்து இடமாக இழுத்து இரண்டையும் சேர்த்தாள். முடிந்ததும் பார்த்தால் குற்றம் சொல்ல முடியாத ‘ப’. ‘ப’ என்பது ஒரே இழுப்பு: கீழே, பக்கம், மேலே. அவள் அதை மூன்று குச்சிகளை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். ‘அ’வை முழுவதும் எழுதிவிட்டுச் சுழியைக் கடைசியில் பொட்டு வைப்பது போல ஒட்டினாள். ஆங்கில ‘ஏ’வுக்கு வட்டத்தைக் கடிகார முள் சுற்றும் திசையில் போட்டுவிட்டு, பென்சிலைத் தூக்கிக் குச்சியைத் தனியாக வைத்தாள்.

அவள் எழுதவே இல்லை. வரைந்துகொண்டிருந்தாள். வீட்டில் நிதானமாக உட்கார்ந்து வரைந்தால் எந்தப் படமும் அழகாகத்தான் வரும். வேகம் கூடியதும், எங்கெல்லாம் பென்சிலைத் தூக்கினாளோ அங்கெல்லாம் எழுத்து கழன்றுவிட்டது. தினம் இரண்டு பக்கம், மூன்று மாதம்: ஏறத்தாழ 180 பக்கங்களுக்குத் தவறான அசைவை நான் அந்தக் கையில் ஏற்றியிருக்கிறேன். அதற்குச் சம்பளமும் வாங்கிக்கொண்டேன். அதைக் கழற்ற எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்தில் நான்கு மாதம் அவள் எழுத்து முன்பைவிட மோசமாக இருந்தது. அதை அவள் அம்மாவுக்கு விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இது ஏதோ ஒரு குழந்தையின் விசித்திரம் என்று நினைக்க வேண்டாம். புள்ளி வைத்த எழுத்துகளை அச்சடித்துக் கொடுத்து, “மேலே எழுது” என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம் அல்லவா, அங்கிருந்துதான் இது பெரும்பாலும் தொடங்குகிறது. குழந்தைக்கு அது எழுத்து அல்ல, புள்ளிகளை இணைக்கும் விளையாட்டு. எந்த முனையிலிருந்து தொடங்கினாலும் படம் வந்துவிடும். 2012இல் இந்தியானா பல்கலைக்கழகத்தின் கரின் ஜேம்ஸும் அவருடன் ஆய்வு செய்தவரும், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளைச் சில எழுத்துகளைத் தாமாக எழுதவும், சிலவற்றின் மேல் தடம் பார்த்து எழுதவும், சிலவற்றைத் தட்டச்சு செய்யவும் வைத்து, பிறகு மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். வாசிப்புக்குப் பயன்படும் பகுதிகள் விழித்துக்கொண்டது தாமாக எழுதிய எழுத்துகளைப் பார்த்தபோதுதான். புள்ளிமேல் எழுதுவதையே நான் அடியோடு தடுப்பதில்லை. முதல் இரண்டு முறை, நான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். அதோடு சரி.

பின் என்ன செய்வது? வலக்கைப் பிள்ளை என்றால் அதன் இடப்பக்கம் உட்காருங்கள், கை மறைக்காது. எழுத்து எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது, பென்சில் எங்கே தூக்கப்படுகிறது என்ற மூன்றை மட்டும் பாருங்கள். வடிவம் கோணலாக இருந்தாலும் இந்த மூன்றும் சரியென்றால் வாயைத் திறக்காதீர்கள். கோணல் தானாக நேராகும். தவறான இடத்தில் தொடங்கினால் எழுத்து முடியும்வரை காத்திருக்காமல் அங்கேயே நிறுத்துங்கள். சிலேட்டில் ஈரத் தூரிகையால் பெரிதாக எழுதவிடுங்கள். கூடவே “கீழே, பக்கம், மேலே” என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘ட’வுக்கு “கீழே, பக்கம்” அவ்வளவுதான்.

அம்புக்குறியும் எண்ணும் போட்ட எழுத்தைக் காட்டி, பிறகு மறைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொல்வதும் நல்ல வழி. 1997இல் அமெரிக்க ஆய்வாளர் வெர்ஜினியா பெர்னிங்கரின் குழுவினர், எழுதத் திணறிய முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் பல முறைகளை ஒப்பிட்டுப் பார்த்ததில் முன்னுக்கு வந்தது இதுதான். வெறுமனே பார்த்து எழுதுவது அதற்குப் பின்னால்தான் நின்றது.

சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு அந்த எழுத்தை எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரிந்த கை சற்றுச் சாய்வாகவேனும் எழுதிவிடும். வரைகிற கை, இரண்டாவது குச்சியை எங்கே வைப்பது என்று தெரியாமல் தாளின் மேல் தடவும்.

கொம்பைப் பின்னால் திணிக்கவிடுவது

இது தமிழுக்கே உரிய வம்பு. ‘தே’ என்று சொல்லும்போது காதில் முதலில் விழுவது ‘த்’. தாளில் முதலில் வருவதோ கொம்பு. ஒலியை நம்பி எழுதும் பிள்ளை ‘த’வை எழுதிவிட்டு, பிறகு நினைவு வந்து, முந்தைய எழுத்துக்கும் ‘த’வுக்கும் நடுவே இரட்டைக் கொம்பை நெருக்கித் திணிக்கும். முடிந்த சொல்லைப் பார்த்துவிட்டு “இடம் விட்டு எழுது” என்று நாம் அதட்டுவோம். பிள்ளைக்கு இடம் விடத் தெரியும். இடம் வேண்டும் என்பதுதான் உரிய நேரத்தில் தெரியவில்லை.

‘கொ’ இன்னும் மோசம். ஓர் ஒலிக்கு முன்னால் கொம்பு, பின்னால் கால். நான் சில நாள் எழுதவே விடாமல் கேள்வி மட்டும் கேட்பேன். “தேன், முன்னால் என்ன?” “இரட்டைக் கொம்பு.” “பை?” “ஐகாரக் கொம்பு.” “பால்?” “ஒன்றுமில்லை, பின்னால் கால்.” இந்த விடை தயங்காமல் வந்த பிறகு பென்சிலைக் கொடுத்தால் நெருக்கடி பாதி குறைந்திருக்கும்.

அழகைத் துரத்தி, வேறுபாட்டைக் கோட்டைவிடுவது

படிக்க முடிகிற எழுத்தும் அழகான எழுத்தும் ஒன்றல்ல. ‘ர’வின் வால் கோட்டுக்குக் கீழே இறங்காமல் நின்றால் ‘மரம்’ ‘மாம்’ ஆகிவிடும். ‘ண’வுக்கு மூன்று சுழி, ‘ன’வுக்கு இரண்டு, அவசரத்தில் ஒன்றை விழுங்கினால் ‘மணம்’ ‘மனம்’ ஆகும், பிழையென்று மதிப்பெண்ணும் போகும். வளைவுகளை மெருகேற்றுவதில் நேரம் செலவழிக்கும் முன், குழம்பும் ஜோடிகளை அருகருகே எழுதவைத்து வேறுபாட்டை மிகைப்படுத்தச் சொல்லுங்கள். வால் நீளமாகவே இருக்கட்டும், சுழி உருண்டையாகவே இருக்கட்டும்.

அடுத்து அளவு. எழுத்துகள் கோட்டில் உட்கார்ந்து, ஒரே உயரத்தில், சொற்களுக்கிடையே சமமான இடைவெளியோடு இருந்தால், தனித்தனியாக அழகில்லாத எழுத்துகள்கூடப் பக்கமாகப் பார்க்கும்போது தெளிவாக இருக்கும்.

பென்சில் பிடியில் பிடிவாதம்

பெருவிரல், சுட்டுவிரல் பிடித்து, நடுவிரல் தாங்கும் மூவிரல் பிடிதான் வேண்டும் என்று நான் ஓராண்டு முழுக்கப் பிள்ளைகளின் விரல்களை மடக்கிக்கொண்டிருந்தேன். நான்கு விரலால் பிடித்துத் தெளிவாக எழுதும் பிள்ளைகள் ஏராளம். கை வலிக்கவில்லை, விரல்கள் அசைகின்றன என்றால் விட்டுவிடுங்கள். முஷ்டியாகப் பிடித்தாலோ விரல் நுனி வெளுக்கும்படி அழுத்தினாலோ மட்டும் தலையிடுங்கள். அதற்கும் பேச்சைவிடப் பயனுள்ளது, சுண்டுவிரல் நீளத்துக்குத் தேய்ந்த பென்சில் துண்டு. அதை முஷ்டியாகப் பிடிக்க இடமிருக்காது.

இடக்கைப் பிள்ளைக்கு வலக்கைப் பாடம்

தாளைச் சற்றுச் சாய்த்து வைக்கச் சொல்லுவோம். வலக்கையால் எழுதுபவருக்குத் தாளின் தலை இடப்பக்கம் சாய வேண்டும். இடக்கையால் எழுதுபவருக்கு நேர் எதிர், தலை வலப்பக்கம். தாளும் உடலின் நடுவிலிருந்து சற்று இடப்பக்கம் தள்ளியே இருக்க வேண்டும். ஒரு பையனுக்கு நான் எல்லாருக்கும் போலவே சாய்த்துவைத்தேன். எழுதுவது தெரிய வேண்டுமென்று அவன் மணிக்கட்டைக் கொக்கி போல வளைத்துக்கொண்டான். அந்தக் கொக்கியைத் திட்டவும் செய்தேன். பென்சிலை நுனியிலிருந்து ஓர் அங்குலம் மேலே பிடிக்கச் சொல்லி, தாளைத் திருப்பி, பெஞ்சின் இடது ஓரத்தில் உட்காரவைத்ததும் கொக்கி மெல்ல நிமிர்ந்தது.

கையை மாற்றி எழுதவைக்காதீர்கள். இதற்கு மேல் இதில் விவாதமில்லை.

வயதுக்கு முன் எழுத்து

பொதுவாக மூன்று வயதில் வட்டம், நான்கில் கூட்டல் குறி, நான்கரையில் சதுரம், ஐந்தை ஒட்டிப் பெருக்கல் குறி, அதன் பிறகு முக்கோணம் என்ற வரிசையில்தான் பிள்ளைகளுக்குப் பார்த்து வரைய வருகிறது. சில மாதம் முன்பின் இருக்கலாம். சாய்கோடே வராத கையிடம் ‘ஐ’யையும் ‘ஞ’வையும் கேட்டு அழவைப்பது பெரியவர்களின் அவசரம். மண்ணில் கோடு, களிமண்ணில் உருண்டை, கத்தரிக்கோலால் தாள் வெட்டுதல் போதும். எழுதத் தொடங்கும்போதும் அகர வரிசையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். ‘ட’, ‘ப’, ‘ம’ என்று நேர்க்கோட்டு எழுத்துகளில் தொடங்கினால் ‘அ’வும் ‘இ’யும் பிறகு தாமாக இளகும்.

ரப்பர்

மேசையில் வைக்காதீர்கள். பிழையின் மேல் ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் எழுதட்டும். அழித்துவிட்டால் எது மாறியது என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

தண்டனையாக நூறு முறை

இருபதாவது முறைக்குப் பிறகு அது வேறு எழுத்து.

அண்ணனின் நோட்டைக் காட்டுவது

வேண்டாம்.

சிவப்பு மை

நான் இப்போது திருத்துவதே இல்லை என்று சொல்லலாம். வரி முடிந்ததும் பிள்ளையிடம் பென்சிலைக் கொடுத்து, “இதில் உனக்குப் பிடித்த எழுத்து எது, சுற்று” என்பேன். பெரும்பாலும் நான் தேர்ந்தெடுத்திருக்கக்கூடிய எழுத்தையே சுற்றும். “ஏன் இது?” என்று கேட்டால், “இதன் வால் கோட்டுக்குக் கீழே போயிருக்கிறது” என்று ஆறு வயதுப் பிள்ளை சொல்லிவிடும். பயிற்சியும் பத்துப் பதினைந்து நிமிடம்தான். அதற்கு மேல் எழுதவைத்தால் கை சோர்ந்து, அதுவரை எழுதியதையும் கெடுத்துக்கொள்ளும்.

எல்லாவற்றுக்கும் நாமே மருந்து என்று நினைப்பது

ஏழு வயதுவரை எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி எழுதுவது சாதாரணம். அதற்குப் பிறகும் தொடர்ந்தாலோ, ஒழுங்கான பயிற்சிக்குப் பல மாதம் கழித்தும் ஒவ்வொரு முறையும் ஒரே எழுத்து ஒவ்வொரு விதமாக வந்தாலோ, நான்கு வரிக்குள் கை வலிக்கிறது என்று அழுதாலோ, டியூஷன் நேரத்தைக் கூட்டாதீர்கள். கண் பரிசோதனைக்கும், எழுதுவது போன்ற அன்றாட வேலைகளுக்குக் கையைப் பழக்கும், குழந்தைகளுக்கான தொழில்வழிச் சிகிச்சையாளரிடமும் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) அனுப்புங்கள். நான் இரண்டு ஆண்டு தாமதித்து அனுப்பிய பிள்ளை ஒன்று உண்டு. அதற்குக் கண்ணாடி போட்ட மறு வாரமே எழுத்து கோட்டில் உட்கார்ந்தது.