சோல் இசை: முதன்முதலாகக் கேட்பவர்கள் தவறவிடுவது எதை?

மனதை உருக்கும் எந்தப் பாட்டைக் கேட்டாலும் ‘சோல்ஃபுல்லா இருக்கு’ என்று சொல்லிவிடுகிறோம். ராத்திரி ஹெட்போனில் கேட்கும் மெலடிக்கும் அந்தச் சொல்தான், கிட்டாரை மட்டும் வைத்துக்கொண்டு பாடும் கவர் பாட்டுக்கும் அந்தச் சொல்தான். அந்த நினைப்போடு சோல் இசையைத் தேடிப் போய், முதல் பாட்டாக ஜேம்ஸ் பிரவுனைப் போட்டால் தூக்கிவாரிப்போடும். தொண்டை கிழியும் கூச்சல், வெட்டி வெட்டி விழும் டிரம்பெட், மூச்சுவிடாமல் ஓடும் டிரம்ஸ். ‘ஆன்ம இசை’ என்று மொழிபெயர்த்து வைத்துக்கொண்டு, தியானத்துக்கு ஏற்றது என்று நினைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். சோல் என்பது ஓர் இசை வகையின் பெயர். 1950களின் நடுவில் தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகள், மெம்பிஸ், டெட்ராய்ட், சிகாகோ, பிலடெல்பியா போன்ற ஊர்களில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் வளர்த்தெடுத்த இசை அது.

அந்தப் பெயர் வந்த வழியையும் தெரிந்துகொள்ள வேண்டும். கறுப்பின மக்கள் வாங்கும் இசைத்தட்டுகளுக்கென்று பில்போர்டு பத்திரிகை தனியாக ஒரு விற்பனைப் பட்டியல் வைத்திருந்தது. 1949 வரை அதன் தலைப்பில் ‘ரேஸ்’, அதாவது இனம், என்ற சொல்லே இருந்தது. அந்த ஆண்டு அதை ‘ரிதம் அண்ட் புளூஸ்’ என்று மாற்றினார்கள். அந்தப் பெயரை வைத்தவர் அப்போது அங்கே வேலை பார்த்த ஜெர்ரி வெக்ஸ்லர். இவர் இந்தக் கதையில் திரும்பத் திரும்ப வருவார். 1969இல் அதே பட்டியலுக்கு ‘சோல்’ என்று பெயர் மாறியது. அதற்குள் அந்தச் சொல் தெருவில் புழங்கிக்கொண்டிருந்தது. வீட்டுச் சாப்பாடு சோல் ஃபுட், நம்ம ஆள் என்றால் சோல் பிரதர். 1967இல் டெட்ராய்ட் நகரம் கலவரத்தில் எரிந்தபோது, கறுப்பினக் கடைக்காரர்கள் தங்கள் கடைக் கண்ணாடியில் ‘சோல் பிரதர்’ என்று பெரிதாக எழுதி வைத்தார்கள், நம்ம கடை என்று தெரிந்தால் உடைக்காமல் விடுவார்கள் என்று.

அடுத்த தவறு கொஞ்சம் நுட்பமானது. ‘காஸ்பலும் புளூஸும் கலந்தால் சோல்’ என்று எல்லா அறிமுகக் கட்டுரைகளிலும் ஒரு வரி இருக்கும். (புளூஸ் என்பது கறுப்பின மக்களின் துயரம் தோய்ந்த பாட்டு வகை.) தப்பில்லை, ஆனால் அந்த வரியோடு நின்றுவிட்டால் எதுவும் புரியாது. காஸ்பல் என்றால் வெறும் பக்திப் பாட்டு என்று எடுத்துக்கொள்வோம். கறுப்பினத் தேவாலயத்தில் போதகர் ஒரு வரி சொன்னால் சபை சும்மா கேட்டுக்கொண்டிருக்காது. ஆமென் என்று எழும், கைதட்டும், அவர் சொன்னதையே திருப்பிப் பாடும். அந்தப் பதில் வரவர போதகரின் குரல் ஏறும், பேச்சு பாட்டாகும், பாட்டு கூவலாகும். சோல் பாட்டுக்குள் வந்தது இந்த ஏற்பாடு முழுவதும்தான்.

ரே சார்ல்ஸ் 1954இல் பதிவு செய்த ‘ஐ காட் எ வுமன்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காரில் போகும்போது ரேடியோவில் ஒரு காஸ்பல் பாட்டு வந்தது. அவரும் குழுவிலிருந்த ரெனால்ட் ரிச்சர்டும் அதன்மேலேயே தங்கள் வரிகளைப் போட்டார்கள். இயேசு இருந்த இடத்தில் ஒரு பெண் வந்தாள். பாட்டு விற்றுத் தள்ளியது, பக்தர்கள் கொதித்தார்கள். சாம் குக் அப்போது ‘சோல் ஸ்டிரர்ஸ்’ என்ற காஸ்பல் குழுவின் நட்சத்திரப் பாடகர். 1956இல் முதன்முதலாகக் காதல் பாட்டு வெளியிட்டபோது அந்தக் கோபத்துக்குப் பயந்து டேல் குக் என்று பெயரை மாற்றிக்கொண்டார். குரலை யாரால் மறைக்க முடியும்? எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதனால் சோல் பாட்டைக் கேட்கும்போது முன்னால் நிற்கும் குரலை மட்டும் கேட்பதுதான் நாம் செய்யும் பெரிய தவறு என்பேன். பின்னால் யார் பதில் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். சில பாட்டில் பெண்கள் குழு பதில் சொல்லும், சிலதில் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் சொல்லும், சிலதில் ஆர்கன். பாடகர் வேண்டுமென்றே வரியைப் பாதியில் விட்டுவிட்டு நிற்பார். மீதியைச் சபை முடிக்க வேண்டும்.

கைதட்டுவதிலும் அப்படித்தான். நான்கு அடி கொண்ட தாளத்தில் நம் கை தானாக முதல் அடியில் விழும். சோல் இசையில் கைதட்டு விழுவது இரண்டிலும் நான்கிலும். ஒன்றில் தட்டிக்கொண்டே கேட்டால் பாட்டு நம்மோடு ஒட்டாமலே போகும். 1965இல் வில்சன் பிக்கெட்டின் ‘இன் தி மிட்நைட் அவர்’ மெம்பிஸில் பதிவானபோது நடந்தது இதற்கு நல்ல உதாரணம். அட்லாண்டிக் கம்பெனியின் தயாரிப்பாளராகியிருந்த அதே வெக்ஸ்லர் ஸ்டுடியோவுக்குள் இறங்கி, அப்போது இளசுகள் ஆடிக்கொண்டிருந்த ‘ஜெர்க்’ நடனத்தை ஆடிக் காட்டினார். அதைப் பார்த்து டிரம்மர் அல் ஜாக்சனும் கிட்டார் ஸ்டீவ் கிராப்பரும் இரண்டாம், நான்காம் அடிகளை ஒரு மயிரிழை தாமதமாக வைத்தார்கள். அந்த மயிரிழைதான் அந்தப் பாட்டு.

சரி, ஒரு பாட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ‘ரெஸ்பெக்ட்’ என்றதும் அரீத்தா ஃபிராங்க்ளின் ஞாபகம்தான் வரும், அது அவருடைய பாட்டு என்றே பலர் நினைக்கிறார்கள். எழுதியவர் பாடகர் ஓட்டிஸ் ரெடிங். 1965இல் அவரே பாடி வெளியிட்டார். அவருடைய பாட்டில் வேலை முடிந்து வீடு திரும்பும் ஆண், எனக்கு மரியாதை கொடு என்று மனைவியைக் கேட்கிறான். நல்ல பாட்டு, வேகமான பாட்டு, அந்தக் காலத்தில் எந்த வீட்டிலும் கேட்டிருக்கக்கூடிய பேச்சு. 1967 பிப்ரவரி 14 அன்று நியூயார்க்கில் அரீத்தா அதைப் பாடினார். இப்போது மரியாதை கேட்பது பெண். ஓட்டிஸ் பாட்டில் அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாகச் சொல்லும் இடமே கிடையாது, அது அரீத்தா சேர்த்தது. பின்னால் பதில் சொல்லும் குரல்களில் அவருடைய கூடப்பிறந்த எர்மாவும் கேரலினும் இருக்கிறார்கள். நடுவில் கிங் கர்ட்டிஸின் சாக்ஸபோன் வருமிடத்தில் பாட்டின் சுருதிப்போக்கே திடீரென்று வேறு பக்கம் திரும்பும். அது சாம் அண்ட் டேவ் என்ற பாடகர் ஜோடி பாடிய வேறொரு பாட்டிலிருந்து எடுத்துவைத்த துண்டு. மரியாதை கேட்கும் அந்தக் குரல் சமஉரிமைப் போராட்டத்தில் இருந்தவர்களுக்கும் பெண்ணுரிமை பேசியவர்களுக்கும் தங்கள் குரலாகவே கேட்டது. ஜூன் மாதம் பாட்டு பில்போர்டின் பொதுப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அதே மாதம் கலிபோர்னியாவின் மான்டரே இசைவிழா மேடையில், ஒரு பெண் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போன பாட்டு இது என்று சொல்லிவிட்டுத்தான் ஓட்டிஸ் அதைப் பாடினார். இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒரே சொல் வாய் மாறும்போது எவ்வளவு மாறுகிறது என்பது காதுக்குத் தெரியும்.

டெட்ராய்டின் மோட்டவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனி பற்றி இரண்டு எதிரெதிரான தவறுகள் உண்டு. சோல் என்றாலே மோட்டவுன்தான் என்பது ஒன்று. மோட்டவுன் வெள்ளைக்காரர்களுக்காகச் செய்த பாப், மெம்பிஸில் வந்ததுதான் அசல் என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சொல்பவர்கள் விஷயம் தெரிந்தவர்களாக இருப்பார்கள், அதனால்தான் அது எனக்கு அதிக வருத்தம் தருகிறது. கார் தொழிற்சாலையில் வேலை பார்த்திருந்த பெர்ரி கோர்டி, 1959இல் குடும்பத்திடம் 800 டாலர் கடன் வாங்கித் தொடங்கிய கம்பெனி அது. டெட்ராய்டில் சாதாரண வீடு ஒன்றின் வாசலில் ‘ஹிட்ஸ்வில்’ என்று பலகை மாட்டியிருந்தார். ஒரு கறுப்பினத்தவரின் சொந்தக் கம்பெனி, அமெரிக்காவின் எல்லா வீட்டு ரேடியோவிலும் ஒலிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு உழைத்தது. கணக்குப் போட்டதாலேயே அதில் உயிர் இல்லை என்று ஆகிவிடாது. சந்தேகம் இருந்தால் மோட்டவுனின் ஃபோர் டாப்ஸ் குழு பாடிய பாட்டு எதையாவது போட்டு, லீவை ஸ்டப்ஸின் குரலை விட்டுவிட்டு, அடியில் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். ஆள்காட்டி விரல் ஒன்றால் மீட்டி, பாட்டுக்குள் இன்னொரு பாட்டையே ஓட்டுவார். அவரும் கூட வாசித்தவர்களும் ‘ஃபங்க் பிரதர்ஸ்’. வருடக்கணக்கில் எந்த இசைத்தட்டிலும் அவர்கள் பெயர் கிடையாது. 1971இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பத்தில்தான் அச்சேறியது.

மெம்பிஸில் ஸ்டாக்ஸ் கம்பெனி இருந்தது பழைய சினிமா தியேட்டரில். தரை சரிவாகவே இருந்தது, பதிவுகளின் அந்தக் கனத்த ஒலிக்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள். தின்பண்டம் விற்ற இடத்தில் ரெக்கார்டு கடை. நடத்தியவர்கள் ஜிம் ஸ்டூவர்ட்டும் அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனும், இருவரும் வெள்ளையர்கள். எல்லாப் பதிவுக்கும் வாசித்த ஸ்டாக்ஸின் சொந்தக் குழுவில் புக்கர் டி. ஜோன்ஸும் அல் ஜாக்சனும் கறுப்பினத்தவர்கள், ஸ்டீவ் கிராப்பரும் டக் டன்னும் வெள்ளையர்கள். அலபாமாவின் மசில் ஷோல்ஸ் ஊர் ஸ்டுடியோவில் அரீத்தாவுக்கு வாசித்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரப் பையன்கள். இதைத் தெரிந்துகொண்டதும் சிலர், ‘அப்போ இது கறுப்பின இசை என்று சொல்லக் கூடாது, இசைக்கு நிறம் இல்லை’ என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். கதவுக்குள் ஒன்றாக வாசித்தவர்கள், கதவுக்கு வெளியே ஒரே ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட முடியாத ஊர் அது. அவர்கள் சேர்ந்து உட்காரக் கிடைத்த இடங்களில் ஒன்று, கறுப்பினத்தவர் நடத்திய லொரெய்ன் மோட்டல். ‘இன் தி மிட்நைட் அவர்’ எழுதப்பட்டது அங்கேதான். 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டதும் அதே மோட்டலின் பால்கனியில்தான். அதற்குப் பிறகு ஸ்டாக்ஸில் பழைய நெருக்கம் திரும்பவில்லை.

அரசியல் என்று வரும்போது, சோல் எல்லாம் காதல் பாட்டு என்பவர்களும் உண்டு, எல்லாமே போராட்டப் பாட்டு என்பவர்களும் உண்டு. பெரும்பாலானவை காதல், பிரிவு, சனிக்கிழமை ராத்திரி ஆட்டம் பற்றியவைதான், அதில் குறை ஒன்றும் இல்லை. நேரடியாகப் பேசிய பாட்டுகள் எண்ணிக்கையில் குறைவு, அவற்றையும் நாம் அரைகுறையாகக் கேட்கிறோம். 1963 அக்டோபரில் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட் நகரத்தில் சாம் குக் குடும்பத்தோடு ஒரு ஹோட்டலுக்குப் போனார். முன்பதிவு செய்திருந்தும் அறை இல்லை என்றார்கள். தகராறு செய்ததாகச் சொல்லி அவரைக் கைது செய்தார்கள். அடுத்த ஜனவரியில் ‘எ சேஞ்ச் இஸ் கானா கம்’ பதிவானது. அந்த டிசம்பரில், 33 வயதில், அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பாட்டு தனி இசைத்தட்டாக வெளிவந்தது அதற்குப் பிறகு. ரேடியோவுக்காக அதில் ஒரு சரணத்தை வெட்டிவிட்டார்கள். சினிமாவுக்குப் போனாலும் கடைத்தெருவுக்குப் போனாலும் இங்கே நிற்காதே என்று விரட்டுகிறார்கள் என்று சொல்லும் சரணம் அது. நிறவெறி என்ன என்பதைத் தெருவில் நிறுத்திக் காட்டும் ஒரே இடம் அதுதான், அதைத்தான் எடுத்தார்கள். நீங்கள் கேட்கும் பதிவில் அந்தச் சரணம் இருக்கிறதா என்று பாருங்கள். 1964 ஆல்பத்தில் முழுதாக இருக்கிறது.

இன்னொரு தவறு பணமும் நேரமும் சம்பந்தப்பட்டது. ஆப்பில் பெயரைத் தட்டினால் முதலில் வருவது அசல் பதிவாகவே இருக்கும் என்று நம்பாதீர்கள். அந்தக் காலப் பாடகர்கள் பலர் தங்கள் வெற்றிப் பாட்டுகளை, இருபது முப்பது வருடம் கழித்து, மலிவான தொகுப்புகளுக்காக மறுபடி பாடிக் கொடுத்திருக்கிறார்கள். அசல் உரிமை கம்பெனியிடம், பிழைப்புக்கு வேறு வழியில்லை, அவர்களைக் குறை சொல்லவே முடியாது. ஆனால் சிந்தசைசர் பின்னணியில் களைத்த குரலைக் கேட்டுவிட்டு, ‘இவ்வளவுதானா’ என்று நீங்கள் போய்விடக் கூடாது. ஆண்டையும் கம்பெனி பெயரையும் பாருங்கள். மோட்டவுன் பாட்டுகளுக்கு, ஸ்டீரியோவாகப் பிரிக்காமல் எல்லா ஒலியும் ஒன்றாக வரும் மோனோ பதிவு கிடைத்தால் அதையே கேளுங்கள். கார் ரேடியோவில் எப்படிக் கேட்கும் என்று சின்ன ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்துச் செய்த ஒலிக்கலவை அது.

கடைசியாக, சோல் பாடகர்கள் கோயிலை விட்டு வெளியேறியவர்கள், புகழுக்குப் பிறகு சிலர் திரும்பிப் போனார்கள் என்று ஒரு கதை சொல்லப்படுகிறது. அரீத்தாவைப் பற்றி அதிகம் சொல்வார்கள். 1972 ஜனவரியில் இரண்டு இரவுகள், லாஸ் ஏஞ்சலஸில் வாட்ஸ் பகுதியிலுள்ள ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில், காஸ்பல் பாடகர் ஜேம்ஸ் கிளீவ்லாண்டும் பெரிய பாடகர் குழுவும் கூடவர, அவர் ‘அமேசிங் கிரேஸ்’ ஆல்பத்தைப் பாடினார். அந்தக் கட்டடமும் ஒரு காலத்தில் சினிமா தியேட்டராக இருந்ததுதான். கிங் கர்ட்டிஸின் குழுவில் வாசித்தவர்களே பக்கத்தில் வாசித்தார்கள். தயாரிப்பாளர்களில் ஜெர்ரி வெக்ஸ்லரும் ஒருவர். எல்லாவற்றையும் படமும் எடுத்தார்கள். காட்சியையும் ஒலியையும் பொருத்த முடியாமல் அப்போது நின்றுபோன அந்தப் படம் வெளிவர 2018 ஆனது. அதில் இரண்டாம் இரவு அவருடைய அப்பா, டெட்ராய்டின் பேர்போன போதகர் சி.எல். ஃபிராங்க்ளின், எழுந்து பேசுவார். அரீத்தா தேவாலயத்துக்குத் திரும்பி வந்துவிட்டார் என்று பேசிக்கொண்டவர்களுக்கு, அவள் இதை விட்டுப் போகவே இல்லை என்று சொல்வார். அப்புறம் மகள் பியானோவில் உட்கார்ந்து கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் வந்து கைக்குட்டையால் முகத்து வேர்வையைத் துடைத்துவிடுவார். அரீத்தா பாட்டை நிறுத்துவதில்லை.